அழகர் ஆற்றில் இறங்கும்போது கையில் போன் எதற்கு?

வாசகர் கேள்வி, 13 மே 2025

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் இறங்குவதைப் பார்க்க நேற்று விடிகாலை ஆழ்வார்புரம் பக்கம் வைகை ஆற்றுக்குள் நின்றேன். தங்கக்குதிரை கண்ணில் பட்டதும் எனக்கு முன்னால் இருந்த எல்லாக் கையும் மேலே போனது. பாதிக்கு மேல் கும்பிட்ட கை இல்லை, போன் பிடித்த கை. கடைசியில் நான் அழகரைப் பார்த்தது முன்னால் நின்றவரின் போன் திரையில்தான். மீனாட்சி கோயிலுக்குள் போன் கூடாது என்று தடை இருக்கிறதே, ஆற்றிலும் அப்படிச் செய்தால் என்ன? அந்த ஒரு மணி நேரம் ஸ்டேட்டஸ் போடாவிட்டால் குடி முழுகிவிடுமா?

13 மே, பகல்

தடை போடலாம். போனை யார் வாங்கி வைப்பது? கோயிலுக்கு மதில் இருக்கிறது, வாசலில் சோதனை இருக்கிறது, போனையும் செருப்பையும் ஒப்படைக்க இடம் இருக்கிறது. ஆற்றுக்கு எது வாசல்? செல்லூர் வழியாக வருகிறவர், ஆரப்பாளையம் வழியாக வருகிறவர், முந்தின நாளே குடும்பத்தோடு வந்து கரையில் துண்டை விரித்துப் படுத்தவர் என்று லட்சக்கணக்கில் ஆட்கள். டோக்கன் போட்டு வாங்க ஆரம்பித்தால் அடுத்த சித்திரைக்குத்தான் திருப்பிக் கொடுக்க முடியும்.

இன்னொன்று. மீனாட்சி கோயிலில் தடை வந்த கதை வேறு. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதை ஒட்டிப் பாதுகாப்புக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவு அது. தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்குமான உத்தரவு 2022 டிசம்பரில் வந்தது, திருச்செந்தூர் கோயில் வழக்கில். கோயிலின் தூய்மை, கண்ணியம் என்ற பேச்சு அதில்தான் வருகிறது. நீங்கள் கேட்பது இந்த இரண்டும் இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் ஏன் நிஜமாகவே பக்கத்தில் இல்லை என்று கேட்கிறீர்கள். அதற்கு நீதிமன்றம் போக முடியாது.

13 மே, இரவு

"அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?" என்று தல்லாகுளத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

நான் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைப்பவன். கேமராவுக்கு எதிராகப் பேசினால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பதால் ஒன்று சொல்லலாம். மண்டபத்தில் எல்லாரும் அந்த நேரத்தை அனுபவிக்க வேண்டும், அவர்களுக்காக ஒருவன் மட்டும் கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டும், அதற்குத்தான் கூலி. இப்போது எல்லாரும் என் வேலையைச் செய்கிறார்கள், கூலி இல்லாமல்.

பிலிம் ரோல் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். கவனமாக மாட்டினால் ஒன்றிரண்டு கூடும். தாலி கட்டுக்கென்று சில படங்களை மிச்சம் வைத்தே ஆக வேண்டும். கெட்டிமேளம் கொட்டும்போது ரோல் தீர்ந்து போனால் அந்த ஊரில் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் பட்டனை அழுத்தியதைவிடச் சும்மா பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம். எந்த மாமா கோபித்துக்கொண்டு பந்திக்கு வராமல் வாசலில் நிற்கிறார், பெண்ணின் அப்பா எப்போது உடைவார், நாத்தனார் முடிச்சுப் போடக் கையை எந்தப் பக்கமாகக் கொண்டு வருவார் என்று பார்த்துப் பார்த்து ஆளையே படித்துவிடுவோம். இன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கிறேன். அந்த வீட்டு ஆட்களின் முகம் அடுத்த வாரமே கலந்துபோகிறது.

14 மே

"படம் எடுத்தால் நினைவு போய்விடும் என்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி.

அவர் சொல்வது லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியரின் ஆய்வு, 2014இல் இதழில் வந்தது. மாணவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சில பொருள்களைப் படம் எடுங்கள், சிலவற்றைச் சும்மா பாருங்கள் என்றார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை விட்டுவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். ஆனால் அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவர்களுக்கு நினைவு குறையவில்லை. ஜூம் பண்ணாத மற்றப் பகுதிகூட நினைவில் இருந்தது. இந்த இரண்டாவது பாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. முழுசாக ஒரு கிளிக் அடிக்கிறவன் பார்ப்பதில்லை. மாட்டலை மட்டும் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவன் காது, கன்னம், முடி எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வந்திருப்பான்.

கீழடி அருங்காட்சியகத்துக்கு அக்கா மகனைக் கூட்டிப் போயிருந்தேன். கல்லூரி படிக்கிற பையன், வாசலிலிருந்தே வீடியோ. வெளியே வந்து டீ குடிக்கும்போது என்ன பார்த்தாய் என்றேன். "நிறையப் பானை மாமா" என்றான். ஒரு ஓட்டுச் சில்லை மட்டும் நன்றாகச் சொன்னான். தமிழி எழுத்தில் 'ஆதன்' என்று கீறியிருந்தது. அது அவன் நண்பன் ஒருவனின் பெயரில் பாதி என்பதால், அவனுக்கு அனுப்ப அந்த எழுத்தை மட்டும் கிட்டப்போய் எடுத்திருக்கிறான்.

14 மே, மாலை

முன்னால் நின்றவரின் திரையில் அழகரைப் பார்த்தவர் எந்தக் கணக்கில் வருவார் என்று கேட்கிறார்கள். ஓசி தரிசனம்.

16 மே

அழகர் மலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், நம் கேள்வி-பதில் இழை மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

நேற்று முழுக்க ஒரு விஷயம் உறுத்தியது. என் அக்கா குவைத்தில் இருக்கிறார். மலையிலிருந்து வரும் அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்றைக்கு நான் மூன்றுமாவடியில் நிற்பேன் என்று தெரியும், சரியாகக் கூப்பிடுவார், வீடியோ காலில். எடுக்காமல் இருக்க முடியுமா? இந்த வருஷமும் அப்படித்தான். "சாமி கிடக்கட்டும்டா, அந்த மோர்ப் பந்தல் இன்னும் போடுறாங்களா? அந்தப் பக்கம் திருப்பு" என்கிறார். திருப்பினேன். பந்தலில் இருந்த பெரியவரைப் பார்த்ததும் அந்தப் பக்கம் அழுகை. நான் தினமும் அந்த வழியாகப் போகிறவன். அந்தப் பெரியவரை அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

இதையும் பகிர்வு என்று சொல்லி, வேண்டாம் என்பீர்களா? அலிக்சாண்ட்ரா பராஷ் என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. தனக்காகப் படம் எடுப்பவரைவிட, பிறகு போடலாம் என்ற நினைப்போடு எடுப்பவருக்கு அந்த அனுபவத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி குறைகிறது. நான் எப்படித் தெரிகிறேன், என்ன நினைப்பார்கள் என்ற கவலை நடுவில் நுழைந்துவிடுவதுதான் காரணம். ஆனால் பார்க்கப்போகிறவர் எவ்வளவு நெருக்கமானவர் என்பதைப் பொறுத்து அந்தக் குறைவும் மாறுகிறது. இதே மூவர் 2016இல் எழுதிய இன்னொரு கட்டுரை, படம் எடுப்பதே பல நேரம் ஈடுபாட்டைக் கூட்டுகிறது என்கிறது. சுற்றுலாப் பேருந்தில் ஏற்றியெல்லாம் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் கேமராவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. யாருக்காகப் பார்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அக்காவுக்குக் காட்டும்போது அவர் கேட்டதைத் தேடிப் பார்க்கிறேன். ஸ்டேட்டஸ் போட்டால் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத்தான் பார்க்கிறேன்.

16 மே, சற்று நேரம் கழித்து

"அப்போ ஃபேமிலி குரூப்பில் போட்டால் சரியா?" என்று கேள்வி. எங்கள் குரூப்பில் 80 பேர் இருக்கிறார்கள். அதில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சித்தப்பாக்களும் உண்டு. அது குடும்பம் இல்லை, பொதுக்கூட்டம்.

18 மே

காது பற்றி யாருமே எழுதவில்லை.

அதே பராஷ் குழு 2017இல் சொன்னது இது. தன் இஷ்டத்துக்குப் படம் எடுத்தபடி சுற்றி வந்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாகவே நினைவில் நின்றது, காதில் விழுந்தது குறைந்தது. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் எத்தனை தாலிகட்டு பார்த்திருப்பேன். எந்தப் பெண் என்ன நிறப் புடவை, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பல கல்யாணங்களுக்கு இப்போதும் சொல்வேன். அந்த நேரத்தில் மணமேடையில் யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள், ஒன்றும் இல்லை. நாதஸ்வரம் என்ன ராகம் வாசித்தது என்பதும் தெரியாது.

சித்திரைத் திருவிழாவில் பாதிக்கு மேல் காதுக்குத்தான். அதிர்வேட்டு. கோவிந்தா. ஏதோ ஒரு மண்டகப்படிக்கு எதிரே உட்கார்ந்து அழகர் வர்ணிப்புப் பாடுகிறவரின் தொண்டை, ராத்திரி முழுக்கப் பாடி விடியும்போது கரகரத்துப் போயிருக்கும். பக்கத்தில் ஒரு பாட்டி அழகரைத் திட்டிக்கொண்டிருப்பாள், "ஒவ்வொரு வருஷமும் லேட்டா வாரியே, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வந்தியா" என்று. இதெல்லாம் போன் வீடியோவில் விழாது. விழுந்தாலும் அதன் மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் ரீல்ஸ் வரும்.

19 மே

பாட்டி கதையைப் பிடித்துக்கொண்டு ஒருவர், திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்னால் மீனாட்சி கல்யாணம், அழகர் இறங்குவது என்ற இரண்டு விழாவும் வேறு வேறு மாதத்தில் நடந்தன, தங்கை கல்யாணக் கதை பிறகு வந்தது, அழகர் இறங்குவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க என்று விளக்கம் எழுதியிருக்கிறார். சரிதான் ஐயா. பாட்டிக்கும் தெரிந்திருக்கலாம். திட்டுவதற்கு இந்தக் கதைதான் தோது.

22 மே

"கொரோனாவில் திருவிழா நடக்கவே இல்லை, ஆன்லைன்தான் காப்பாற்றியது, அதை மறக்காதீர்கள்" என்கிறார் இன்னொருவர். நடந்தது. 2020 மே 4இல் மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்துக் கோயிலுக்குள் நடந்தது, இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அழகர்தான் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மலையை விட்டு இறங்கவில்லை.

ஆனால் அவர் சொல்ல வருவது புரிகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மா குளித்து, பட்டுப்புடவை கட்டி, டிவிக்கு முன்னால் கோலம் போட்டு உட்கார்ந்தார். மாங்கல்யதாரணம் ஆனதும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார். நேரில் போன வருஷங்களில் கூட்டத்தில் நசுங்கி, பாதி நேரம் கைப்பையைக் காப்பாற்றுவதிலேயே போகும் என்பார். திரை வழியாகப் பார்த்த அந்த ஒரு வருஷம்தான் அவர் முழுசாகப் பார்த்த திருக்கல்யாணம். அவர் அங்கேதான் இருந்தார். நான் பக்கத்துச் சோபாவில் இருந்தேன், திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு.

25 மே

யோசித்துக்கொண்டே இருந்ததில் இன்னொன்று தட்டுப்பட்டது. மேலே எழுதியதை இது கொஞ்சம் மாற்றிப் போடுகிறது.

இந்த வருஷம் எடுத்த படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். தொழிலுக்கு இல்லை, எனக்கு எடுத்தவை. போன் இல்லாத கைகள் எவை என்று தேடிப் பார்த்தேன். துருத்தி வைத்து நீர் பீய்ச்சுகிறவர்கள் கையில் இல்லை. தோல்பையை இடுப்பில் அணைத்து, குழாயைக் குறி பார்த்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். திரி எடுத்து ஆடுகிறவர் கையில் இல்லை. சல்லடம் கட்டிக் கருப்பசாமி வேஷத்தில் வருகிறவரிடம் இல்லை. செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையை வைத்து, அதன் மேல் சூடத்தைக் கொளுத்திக் காட்டுகிற பெண்களிடம் இல்லை. சூடம் அணையாமல் தூக்கிப் பிடித்தவளுக்கு வேறு எதற்கும் கை இருக்காது. சாமி தூக்குகிறவர்களைச் சொல்லவே வேண்டாம்.

போன் தூக்கியவர்கள் எல்லாம் சும்மா பார்க்க வந்தவர்கள், என்னைப் போல. வேலை இல்லாத கைக்கு வேலை கொடுக்கிறது போன்.

அந்தக் காலத்து ஆட்கள் மனசை ஒருமுகப்படுத்தி நின்றார்கள், நமக்குத்தான் அது போய்விட்டது என்று இந்த இழையில் நிறையப் பேர் அழுதுவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துருத்திக்காரப் பையனுக்கு 19, 20 வயசுதான் இருக்கும். விரதம் இருந்து, சல்லடம் கட்டி, துருத்தியோடு நடந்து வருகிறான். வீட்டுக்குப் போனதும் அவனும் ரீல்ஸ்தான் பார்ப்பான். ஆற்றுக்குள் இருந்த நேரத்தில் அவனுக்கு அதற்கு ஒழிவில்லை, அவ்வளவுதான்.

26 மே

"அப்போ எல்லாருக்கும் ஒரு துருத்தி கொடுத்துவிடலாமா?" ஆளுக்கு ஒரு பிரஷர் பம்பு வாங்கிச் சாமி மேல் பீய்ச்சப் போய்த்தான் பெரிய சண்டை வந்தது. தோல்பைதான் மரபு.

8 ஜூன்

மண்டப நிலவரம் கேட்டிருக்கிறார்கள், தொழில்காரன் என்பதால்.

2017இல் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வந்தது. 2020 ஜூனில் இங்கே டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என் கேமராவை நட்டுக்குத்தலாகத் திருப்பினேன், இன்னும் பாதி நேரம் அப்படித்தான் இருக்கிறது. தாலிகட்டின்போது மணமேடைக்குக் கீழே மூன்று வரிசை போன் எழும்பும், பந்தலில் புடலங்காய் தொங்குகிற மாதிரி, தலைகீழாக. அவற்றைத் தாண்டி எடுக்க ஸ்டூல் வைத்திருக்கிறேன்.

ஒரு கல்யாணத்தில் முடிச்சுப் போட்டு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. மாப்பிள்ளையின் நண்பன் மேடைக்கு ஓடி வந்து, "சரியா வரலைடா, இன்னொரு தடவை கட்டற மாதிரி வை" என்கிறான். மாப்பிள்ளையும் கையைக் கொண்டுபோனான். ஐயர் மலைத்துப் போனார். பெண்ணின் பாட்டி மட்டும் சத்தம் போட்டார், "ஒரு பொண்ணுக்கு ஒரு தரம்தான்டா!" இந்த வருஷத்தில் எனக்குக் காதில் விழுந்து நினைவில் நின்ற ஒரே கல்யாண வசனம் இதுதான். அந்த நேரம் மெமரி கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன், கேமரா கீழே இருந்தது.

சாப்பாட்டு வீடியோக்காரர்கள் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆறிய கறிதோசை அவர்களுக்கான தண்டனை, நான் வேறு தனியாகத் திட்ட வேண்டியதில்லை.

10 ஆகஸ்ட்

இழை செத்துவிட்டது என்று நினைத்தேன். ஆடித் தேருக்கு அழகர்கோயில் போய்வந்த நண்பர் மறுபடி கிளப்பிவிட்டார். அங்கே காவல் தெய்வமாக இருக்கிற பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதி முன்னால் ஒருவரும் சாமியைப் படம் எடுக்கவில்லை, பயம்தான் காரணம் என்கிறார்.

பயமும் இருக்கும். அழகரின் நகைக்கே கணக்குக் கேட்கிற சாமி. ஆனால் அங்கே எடுக்க என்ன இருக்கிறது? உருவம் கிடையாது. பூட்டிய கதவுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டிருக்கும், அதற்குத்தான் கும்பிடு. கதவைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் அசலூர்க்காரனுக்கு அது கதவு. அங்கே நின்று, அரிவாள் நேர்ந்து, பொய் சத்தியம் பண்ணப் பயந்தவனுக்குத்தான் அது கருப்பு.

11 ஆகஸ்ட்

ஒரு தம்பி, "கதவையும் எடுத்து ரீல்ஸ் போட்டிருக்காங்கண்ணே, நான் பார்த்தேன்" என்கிறார். சரி, மேலே எழுதியதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

2 செப்டம்பர்

அக்கா மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம். என்னைப் படம் எடுக்கச் சொன்னார்கள், முடியாது என்றேன். தாய்மாமன் நான், எனக்குச் சீர் செய்யவும் மாலை எடுத்துக் கொடுக்கவும் கை வேண்டும். தெரிந்த பையன் ஒருவனை ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆயிரம் எடுக்காதே, ரோலில் எடுப்பது மாதிரி நினைத்துக்கொள் என்றேன். "ரோல்னா என்னண்ணே?" என்றான்.

தாலிகட்டு முடியும் வரை முதல் மூன்று வரிசையில் போன் வேண்டாம் என்று பத்திரிகையிலேயே அச்சடிக்கலாம் என்றேன். குவைத்திலிருந்து அக்கா ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிடுவார், அவருக்குச் சம்மதம். என் மனைவிக்கு இல்லை. அவருடைய அண்ணன் மலேசியாவில், விசா சிக்கல், வர முடியாது. வீடியோ காலில்தான் பார்ப்பார். அதற்கு மனைவி முதல் வரிசையில் போனோடு உட்காருவாராம். 16 மே அன்று நான் இங்கே எழுதியதைப் படித்துக் காட்டி வாதாடினார், பதில் சொல்ல வழியில்லை.

இப்போதைக்கு முடிவானது இது. முதல் வரிசையில் ஒரே ஒரு போன், ஸ்டாண்டில், மலேசியாவுக்கு. மற்ற எல்லார் கையிலும் அட்சதையைக் கொஞ்சமாகக் கொடுக்காமல் இரண்டு கையும் நிறையக் கொடுப்பது. அட்சதைத் தட்டு என் பொறுப்பு. எத்தனை படி அரிசி ஆகும் என்று மண்டபக்காரரிடம் கேட்டிருக்கிறேன், அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.